பெரிய கோழியோடு குஞ்சுகளை ஒரே ராத்திரியில் சேர்க்காதீர்கள்

கொல்லையில் நான்கு பெட்டைக்கோழிகள் இருந்தன. புரட்டாசியில் ஒரு ராத்திரி தெருநாய்கள் கூண்டுக் கதவைப் பெயர்த்து மூன்றைக் கொண்டுபோய்விட்டன. மிஞ்சியது செவலை மட்டும். மூன்று வயதுக் கோழி, எடை 1,650 கிராம். கோழி தனியாக இருந்து பழகிய பிராணி இல்லை. பகலெல்லாம் வாசற்படியில் நின்று கேவியது, தீவனத்தைக் கிளறிவிட்டுத் தின்னாமல் போனது, முட்டையும் நின்றுவிட்டது. துணைக்கு ஆள் சேர்த்தால் தேறிவிடும் என்று ஐப்பசியில் பக்கத்து ஊர் வாரச்சந்தையில் ஏழு வாரக் குஞ்சுகள் ஆறு வாங்கினேன். ஒன்று 150 ரூபாய், மொத்தம் 900. இரண்டு வாரத்துக்குள் அதில் மூன்று செத்துப்போயின. மூன்றும் நான் அவசரப்பட்டதால் செத்தவை. இதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அவையும் இன்று கொல்லையில் மேய்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் எங்கே தவறினேன், பிறகு எப்படிச் சேர்த்தேன் என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

"ராத்திரி இருட்டுல கூண்டுக்குள்ள விட்ரு கண்ணு, விடிஞ்சா எல்லாம் ஒண்ணாயிரும்" என்றார் பக்கத்து வீட்டு ஆத்தா. அவர் சொன்னது பொய்யில்லை. அவர் கோழி வளர்த்த காலத்தில் அவை ராத்திரிக்கு மட்டும் கூண்டில் அடையும். கருக்கலிலேயே திறந்துவிடுவார்கள். பகலெல்லாம் தோட்டம், களம், வைக்கோல்போர் என்று மேயும். பெரிய கோழி துரத்தினால் குஞ்சு ஓடிப்போக அரை ஏக்கர் இருந்தது. என் கூண்டு நான்கடிக்கு மூன்றடி. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது என்பது உண்மை. ராத்திரி எட்டு மணிக்குக் குஞ்சுகளை உள்ளே விட்டபோது செவலை அசையவே இல்லை, நானும் நிம்மதியாகத் தூங்கப் போனேன். ஐந்தே முக்காலுக்கு வெளிச்சம் வந்துவிட்டது. நான் கதவைத் திறந்தது ஆறரைக்கு. அந்த முக்கால் மணி நேரம்தான் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. ஒரு குஞ்சு மூலையில் தலையைச் சொருகியபடி செத்துக் கிடந்தது. இன்னொன்றுக்குப் பின்னந்தலையில் தோல் உரிந்து தொங்கியது. மூன்றாவதற்கு முதுகில் இறகு போய் ரத்தம் கசிந்தது. மற்ற மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எதிர் மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தன. செவலை நடுவில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தை மறைக்க விரும்பவில்லை. அன்றைக்கே அறுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

ஆனால் அது கெட்ட கோழி இல்லை. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம், யார் முதலில் தின்னலாம், யார் எங்கே அடையலாம் என்று ஒரு வரிசை உண்டு. 1921இலேயே நார்வே நாட்டு விலங்கியலாளர் ஷெல்டெரப்-எப்பே இதைக் கூர்ந்து கவனித்து எழுதினார். புதிதாக வருகிற ஒவ்வொன்றும் அந்த வரிசையில் தன் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சம எடையுள்ள இரண்டு கோழிகள் என்றால் கழுத்து இறகைச் சிலிர்த்து, நெஞ்சோடு நெஞ்சு மோதி, இரண்டு கொத்தில் முடித்துக்கொள்ளும். தோற்றது தலையைத் தாழ்த்தி விலகிப் போய்விடும், ஜெயித்ததும் விட்டுவிடும். குஞ்சுக்கு அந்த விலகும் வித்தை சரியாகத் தெரியாது. பயந்தால் மூலையில் தலையைச் சொருகிக்கொண்டு அப்படியே உறைந்துவிடும். அப்போது பின்னந்தலைதான் மேலே தெரிகிறது. பெரிய கோழி கண்ணில் எதிராளி இன்னும் இடத்தை விட்டுப் போகவில்லை, ஆகவே கொத்து நிற்பதில்லை. ரத்தம் தெரிந்துவிட்டால் சிவப்பைப் பார்த்துக் கூடப்பிறந்த குஞ்சுகளே கொத்த ஆரம்பிக்கும். மூலையும் முட்டுச்சந்தும் இருக்கிற அடைத்த இடத்தில் ராத்திரிச் சேர்ப்பு செய்யவே கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

எடையை வைத்துக் கணக்குப் போட்டிருந்தாலே நான் நிறுத்தியிருப்பேன். அந்தக் குஞ்சுகள் சராசரி 380 கிராம். 1,650 கிராம் கோழிக்கு நான்கில் ஒரு பங்குகூட இல்லை. "கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா" என்கிற பழமொழி தாய்க்கோழிக்கும் அது பொரித்த குஞ்சுக்கும்தான் பொருந்தும். அந்தத் தாயே ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தன் குஞ்சுகளைக் கொத்தி விரட்டிப் பிரித்துவிடும். அடைக்கு உட்கார்ந்திருக்கிற கோழியிடம் விட்டால் ஏற்றுக்கொள்ளும் என்பதையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பொரித்து ஒன்றிரண்டு நாளான குஞ்சை, அதுவும் நன்றாக அடையில் ஊறிய கோழியின் இறக்கைக்கடியில் ராத்திரி நுழைத்தால்தான் பெரும்பாலும் பலிக்கும். இறகு முளைத்த குஞ்சு எந்தக் கோழிக்கும் பிள்ளை இல்லை, அந்நியம்.

காயம்பட்ட இரண்டையும் அட்டைப்பெட்டியில் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். காய்ச்சி ஆறவைத்த அரை லிட்டர் தண்ணீரில் முக்கால் டீஸ்பூன் உப்புக் கலந்து, பஞ்சால் தேய்க்காமல் மேலிருந்து ஊற்றிக் கழுவினேன். பிறகு பீட்டடின் கரைசலைக் கட்டஞ்சாய நிறத்துக்கு நீர்க்க வைத்து இரண்டு வேளை. காயத்தைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தோடு ஒட்டிக் காய்ந்து அடியில் சீழ் பிடிக்கும். முக்கியமானது ஈ. நம்மூர் வெக்கையில் ஒரே நாளில் முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். காயத்தின் ஓரத்தில் வேப்பெண்ணெய் தடவி, பெட்டியின் மேல் கொசுவலையைக் கட்டுங்கள். தோல் உரிந்த குஞ்சு தின்னவே இல்லை, மூன்றாம் நாள் ராத்திரி போய்விட்டது. முதுகில் காயம்பட்டது பிழைத்தது. ஆனால் அங்கேயும் ஒரு தவறு செய்தேன். அதைப் பத்து நாள் தனியாக, மற்ற குஞ்சுகளின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத அறையில் வைத்திருந்தேன். திரும்பக் கொண்டுபோய் விட்டபோது கூடப்பிறந்தவையே அதை அந்நியமாக நினைத்துக் கொத்தின. காயம்பட்டதைப் பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் நடுவில் வலை மட்டும் வைத்து, மற்றவை பார்க்கிற இடத்திலேயே வைத்துக் குணப்படுத்துங்கள். வரிசையில் அதன் இடம் அப்படியே இருக்கும்.

மூன்றாவது சாவு கொத்தால் வரவில்லை. காயமில்லாத மூன்று குஞ்சுகளையும் செவலையின் கூண்டிலேயே விட்டுவிட்டு, செவலையை ராத்திரிக்குத் திண்ணையில் பஞ்சாரக் கூடை போட்டு மூடினேன். குஞ்சுகளுக்குப் பாதுகாப்பான இடம் கொடுத்ததாக நினைத்தேன். ஐப்பசி அடைமழை, கூண்டின் அடியில் செவலையின் பழைய எச்சத்தோடு உமி ஊறிக் கிடந்தது. எட்டாம் நாள் மூன்றும் இறக்கையைத் தொங்கப்போட்டுக் குறுகி நின்றன, எச்சத்தில் ரத்தம். ரத்தக்கழிச்சல். வயதான கோழிக்கு இந்த நோயில் எதிர்ப்பு வந்திருக்கும், பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். ஆனால் அதன் எச்சத்தில் ஒட்டுண்ணியின் முட்டை போய்க்கொண்டே இருக்கலாம். ஈரமும் சூடும் இருந்தால் அது ஓரிரு நாளில் நோய் பரப்பும் பக்குவத்துக்கு வந்துவிடும். மூன்று வாரத்துக்கு மேற்பட்ட இளம் குஞ்சுகள்தான் அதிகமாக மாட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் பெட்டியில் இருந்த காயக் குஞ்சுக்கு ஒன்றும் வரவில்லை என்பதைப் பார்த்தபிறகுதான் கூளத்தின் மேல் எனக்குச் சந்தேகமே வந்தது.

கால்நடை மருத்துவர் ஆம்ப்ரோலியம் எழுதிக் கொடுத்தார். 20 சதவீதத் தூள் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம், ஐந்து நாள், அதன்பிறகு லிட்டருக்கு 0.3 கிராம் ஒரு வாரம். கடையில் வேறு வீரியத்திலும் கிடைக்கும், பாக்கெட்டில் எத்தனை சதவீதம் என்று பார்க்காமல் கலக்காதீர்கள். அந்த ஐந்து நாளும் வேறு தண்ணீர் வைக்கக் கூடாது, தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குஞ்சு வாடியிருக்கிறதே என்று அதே நேரத்தில் பி காம்ப்ளக்ஸ் டானிக் கொடுத்துவிடாதீர்கள். ஆம்ப்ரோலியம் பி1 வைட்டமினைப் போல வேடம் போட்டுத்தான் அந்த ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது, நாமே பி1 கொடுத்தால் மருந்து வீணாகும். டானிக்கெல்லாம் மருந்து முடிந்தபிறகு. எனக்கு ஒன்று மருந்து ஆரம்பித்த அன்றே போய்விட்டது, இரண்டு தேறின. சுண்ணாம்புத் தூளைத் தூவினால் ஈரம் வற்றுமே தவிர அந்த முட்டைகள் சாகாது. பழைய கூளத்தை முழுக்க அள்ளி வெளியேற்றி, தரையைச் சுரண்டி, நல்ல வெயிலில் காயவிட்டு, மூன்று அங்குலத்துக்குப் புது உமி பரப்புவதுதான் வழி. கையில் அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்கிற கூளம் ஈரக் கூளம். உதிர்ந்துவிட வேண்டும்.

சந்தையிலிருந்து வந்த கோழியை எடுத்தவுடன் பழைய கோழியோடு சேர்ப்பதில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. அந்த ஒன்றில் மட்டும் நான் தப்பித்தேன். வெள்ளைக்கழிச்சல் கிருமி உடம்பில் புகுந்தாலும் அறிகுறி தெரியப் பல நாள் ஆகும், வந்துவிட்டால் கொல்லையே காலி. அதனால் புதுவரவு எதுவாக இருந்தாலும் 21 நாள் தனியிடம். அதுவும் வலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லை, வீட்டின் வேறு மூலையில். காலையில் முதலில் பழைய கோழிக்குத் தீவனம், கடைசியில் புதியவற்றுக்கு. அங்கே போக வேறு செருப்பு, வந்ததும் கை கழுவல். இந்த நாட்களில்தான் இறக்கையின் அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பேன், செள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், குடற்புழு நீக்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும். என் குஞ்சுகளுக்கு முன்பு ஏதாவது போட்டார்களா என்று தெரியாததால், தேறியபிறகு முதலில் வெள்ளைக்கழிச்சலைத் தடுக்கும் லசோட்டா கண் சொட்டு, மூன்று வாரம் கழித்து அதே நோய்க்கான ஆர் டூ பி ஊசி அரை மில்லி. குப்பி ஒன்று நூறு கோழிக்கு மேல் வரும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். எனவே தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்வது நல்லது. ஐஸில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை பெரும்பாலும் பிப்ரவரியில் இலவச முகாம் நடத்தும், செவலைக்கு அப்போதே போட்டிருந்தேன்.

மிஞ்சிய மூன்றையும் அவற்றின் வயதில் பதினோராவது வாரத்தில்தான் செவலையின் கண்ணில் படவிட்டேன். பத்தடிக்கு ஆறடி இடத்தை நடுவில் வலையால் பிரித்தேன். அரை அங்குல வெல்ட் மெஷ், மூன்றடி உயரம். ஓர் அங்குலத்துக்கு மேற்பட்ட அறுகோண வலையைப் போட்டால் அலகு தாராளமாக நுழையும், குஞ்சின் விரலையும் கொண்டையையும் பிடித்து இழுத்துவிடும். முதல் இரண்டு நாள் செவலை வலையோரமாகவே நடந்து, இறகைச் சிலிர்த்து, வலையைக் கொத்தியது. குஞ்சுகள் எதிர்ச் சுவரோடு ஒட்டிக் கிடந்தன. நான் பயந்தேன். ஆனால் தலையிடவில்லை, வலைதான் இருக்கிறதே. இரண்டு பக்கமும் தீவனத் தட்டை வலையிலிருந்து மூன்றடி தள்ளி வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை அடி நகர்த்தினேன். பதினெட்டாம் நாள் நடுவில் வலை மட்டும் இருக்க, நான்கும் தலையைக் குனிந்து பக்கத்தில் பக்கத்தில் தின்றன. செவலை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. காத்திருக்க வேண்டியது அந்தக் காட்சிக்குத்தான், காலண்டருக்கு இல்லை. சில கோழிக்குப் பத்து நாள் போதும், சிலதுக்கு மாதமாகும்.

இந்த நாட்களில் தினமும் ஒரு மணி நேரம் செவலையை நிழலில் பஞ்சாரத்துக்குள் மூடிவிட்டு, குஞ்சுகளை அதன் இடத்தில் மேயவிட்டேன். உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தவிப்பில் செய்தது, ஆனால் மிக நன்றாகப் பலித்தது. செவலையின் முட்டைக் கூடை எங்கே, ஓடி ஒளிய எந்தச் சந்து, தண்ணீர்த் தொட்டிக்கு எத்தனை வழி என்று குஞ்சுகள் பயமில்லாமல் தெரிந்துகொண்டன. பஞ்சாரத்தின் கண் வழியே அலகு வெளியே வரும் என்பதால் பக்கத்தில் போனது ஒன்றிரண்டு கொத்து வாங்கும். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை அந்தக் கொத்தே கற்றுக்கொடுத்தது.

நேருக்கு நேர் விட்டது பதினான்காம் வாரம். ஒவ்வொன்றும் ஒரு கிலோவைத் தொட்டிருந்தது, அதாவது செவலையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு. நாட்டுக்கோழி மெதுவாக வளர்வதால் வாரத்தை மட்டும் எண்ணாமல் தராசில் நிறுத்துப் பாருங்கள். எண்ணிக்கையும் முக்கியம். ஒற்றைக் குஞ்சை மட்டும் சேர்க்காதீர்கள், கொத்து முழுவதும் அது ஒன்றின் மேலேயே விழும். மூன்று இருந்தால் பங்கு பிரியும், ஒன்றுக்கொன்று ஒட்டியும் நிற்கும். இடம் செவலையின் கூண்டாகவும் இருக்கக் கூடாது, நான்குக்கும் பொதுவான கொல்லையின் பின்பக்கத்தில் விட்டேன். நேரம் சாயங்காலம் நாலரை. அடையும் நேரம் நெருங்கும்போது கோழிக்குச் சண்டையைவிடத் தீனிதான் பெரிது, மிஞ்சினால் ஒன்றரை மணி நேரத்தில் தானே பிரிந்துவிடும். கம்பும் அரிசிக் குருணையும் இரண்டு கை அள்ளி அகலமாக வீசினேன், ஒரு கீரைக்கட்டைக் கயிற்றில் அலகு எட்டும் உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டேன். தீவனத் தட்டு இரண்டு, தண்ணீர் இரண்டு, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி நடுவில் மறைப்பு. ஒளிய ஒரு சாய்த்த பலகை, இரண்டு பக்கமும் திறந்த மரப்பெட்டி. இந்த இரண்டு திறப்பு மிக முக்கியம். எட்டு வாரக் குஞ்சு என்றால் நான்கு அங்குலச் சந்து வைத்தாலே அது நுழையும், பெரிய கோழி நுழையாது. ஒரு கிலோ வெடக்கோழி நுழைகிற எதிலும் பெரியதும் நுழைந்துவிடும். அப்போது ஒரே வாசல் இருந்தால் அந்த மறைவிடமே பொறி.

எதைச் சண்டை என்று விட்டுவிட வேண்டும், எதற்கு ஓடிப்போய்ப் பிரிக்க வேண்டும் என்று தெரியாமல் முதல் நாள் நான் ஒவ்வொரு கொத்துக்கும் பாய்ந்தேன். அது தவறு. தலையில் ஒரு கொத்து, குஞ்சு விலகுகிறது, கோழி மறுபடி தீனிக்குக் குனிகிறது என்றால் அதுதான் நடக்க வேண்டியது. நாம் குறுக்கே போனால் அந்தக் கணக்கு முடியாமல் நாளைக்கு மறுபடி ஆரம்பிக்கும். நான்கைந்து எட்டுக்கு மேல் விரட்டிக்கொண்டே போவது, கழுத்து இறகைக் கவ்விக்கொண்டு விடாமல் தொங்குவது, மூலையில் மடக்கி ஏறி மிதிப்பது, ஒரு சொட்டு ரத்தம், இதில் எது நடந்தாலும் உடனே பிரிக்க வேண்டும். அப்போது குஞ்சைத் தூக்காதீர்கள், கோழியைத் தூக்கிப் பஞ்சாரத்தில் மூடுங்கள். இடம் குஞ்சுக்குச் சொந்தமாக வேண்டும். முதல் நாள் இருபது நிமிடம், அடுத்தடுத்து கூட்டி, ஆறாம் நாள் இரண்டு மணி நேரம். அப்படியும் ஒரு கோழி அடங்காவிட்டால் அதை மூன்று நான்கு நாள் கண்ணில் படாமல் வேறு இடத்தில் வைத்துவிட்டுக் கொண்டுவந்தால், இப்போது அதுதான் புதுவரவு, வீம்பு குறைந்திருக்கும். செவலைக்கு அது தேவைப்படவில்லை.

ஒன்றாக அடைத்தது மார்கழியில், பதினைந்தாம் வாரம் முடிந்தபோது. ஆத்தா சொன்ன இருட்டு வித்தை இந்த இடத்துக்குத்தான் உரியது, கடைசிப் படி. கூண்டை ஆறடிக்கு நான்கடியாகப் பெரிதாக்கியிருந்தேன், ஒரு கோழிக்கு நான்கு சதுர அடிக்குக் குறையக் கூடாது. உட்காரும் கட்டை இரண்டு, ஒரே உயரத்தில். ஒன்று உயரம் ஒன்று தாழ்வு என்றால் உயரத்துக்கு அடிதடி வரும். தலைக்கு ஒன்பது அங்குல நீளம், கட்டைகளுக்கிடையே ஒன்றேகால் அடி இடைவெளி. செவலை அடைந்து, நன்றாக இருட்டியபிறகு மூன்றையும் எதிர்க் கட்டையில் ஏற்றி உட்காரவைத்தேன். அலாரம் ஐந்தரைக்கு. மார்கழிப் பனியில் பத்து நாள் தொடர்ந்து, வெளிச்சம் வருமுன் கதவைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றேன். அந்த முதல் காலையில் கதவைத் தொடும்போது கை நடுங்கியது. நான்கும் ஒவ்வொன்றாக இறங்கி வந்து உடம்பை உதறிவிட்டு மேயப் போயின. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தீவனத்தில் ஒரு சிக்கல் வரும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து மூன்றரையிலிருந்து நான்கு சதவீதம், வளரும் கோழிக்கு ஒரு சதவீதம்தான் தேவை. மாதக்கணக்கில் அதைத் தின்றால் இளங்கோழியின் சிறுநீரகம் கெடும். நான்குக்கும் வளர்கோழித் தீவனத்தையே கொடுத்து, கிளிஞ்சலை நொறுக்கி ஒரு கொட்டாங்குச்சியில் தனியாக வைத்தேன். முட்டையிடுகிற கோழி தனக்கு வேண்டியதை அதில் பொறுக்கிக்கொள்ளும், மற்றவை அதிகம் சீண்டுவதில்லை.

பணக் கணக்கு: செத்த மூன்றுக்கு 450, மருத்துவருக்கும் மருந்துக்கும் 420, ஆக 870 ரூபாய் போனது. செவலை இரண்டு ஈட்டு முட்டை வைக்கவில்லை, ஏறத்தாழ 25 முட்டை. வலைக்கும் கட்டுக்கம்பிக்கும் ஆனது 1,330. குஞ்சு வாங்குவதற்கு முன்பே வலையை வாங்கியிருக்க வேண்டும், பணத்தை அந்த வரிசையில் செலவழித்திருந்தால் மூன்று உயிர் போயிருக்காது. வாங்கிய நாளிலிருந்து ஒன்றாக அடைத்த நாள் வரை எட்டு வாரம். இனி யார் கேட்டாலும் இரண்டு மாதம் என்றே சொல்கிறேன்.

இதோடு முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று சேவல், இரண்டு பெட்டை. ஐந்தரை மாதத்தில் பெட்டைகளுக்குக் கொண்டை சிவந்து முட்டைக்கு வந்தபோது, முதுகில் காயம்பட்டுப் பிழைத்ததே, அதுதான் முதலில் செவலையைத் திருப்பிக் கொத்தியது. ஒரு வாரத்தில் மற்றதும் சேர்ந்துகொண்டது. ரத்தம் வரவில்லை, சத்தமும் இல்லை, அதனால் எனக்குத் தெரியவே இல்லை. மாதம் ஒருமுறை நிறுப்பதால் கண்டுபிடித்தேன்: செவலை 120 கிராம் குறைந்திருந்தது. தட்டுப் பக்கம் வந்தால் இரண்டும் நிமிர்ந்து பார்க்கும், அது தானாக விலகிப் போய்விடும். இளசுகள் முட்டைக்கு வரும் காலத்தில் வயதான கோழியின் எடையைப் பாருங்கள், முன்பு குஞ்சுக்காக வைத்த மறைவுகளையும் கூடுதல் தட்டையும் எடுத்துவிடாதீர்கள். நான் இப்போது மூன்று தட்டு வைக்கிறேன். மூன்றாவது, மற்ற இரண்டிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, திண்ணைக்கு அந்தப் பக்கம். செவலை விடிந்ததும் நேராக அங்கேதான் போகிறது.